கடலோரக் காவல்படையினரின் கூடுதல் ஊதியம்: ஆணை எழுதுவது ஓர் அலுவலகம், பணம் தருவது இன்னோர் அலுவலகம்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று வழங்கிய ஒரு தீர்ப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாள்களாக எண்ணியிருந்தேன். ஃபெலிசியானோ எதிர் போக்குவரத்துத் துறை என்பது அந்த வழக்கின் பெயர். கடலோரக் காவல்படையின் ரிசர்வ் பிரிவை (தேவைப்படும்போது பணிக்கு அழைக்கப்படுவோர் பிரிவை) சேர்ந்த ஒருவர், தமக்குச் சட்டம் உறுதியளித்த ஊதிய வேறுபாட்டுத் தொகையைக் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. ஐந்து நீதிபதிகள் அவர் பக்கமும் நால்வர் அரசின் பக்கமும் நின்றனர். படைத்துறை ஊதிய வழக்குகளைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் இத்தீர்ப்பு எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. ஆனால், இதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததே என்ற வருத்தமும் அந்த நிறைவோடு சேர்ந்தே இருக்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் குடிமைப் பணியில் இருக்கும் ஒருவர், அதே வேளையில் படையின் ரிசர்வ் உறுப்பினராகவும் இருக்கலாம். படை அழைக்கும்போது அவர் அலுவலக வேலையை விட்டுவிட்டு முழுநேரப் படைப்பணிக்குச் செல்கிறார். படையில் அவருக்குக் கிடைக்கும் சம்பளம் குடிமைப் பணிச் சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தால், நாட்டுக்காகப் புறப்பட்டுப் போனதற்காகவே அவருடைய குடும்பம் வருமானத்தை இழக்கிறது. இந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2009ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஒரு விதியை இயற்றியது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் ஐந்தாம் தலைப்பில் 5538ஆம் பிரிவாக அது இருக்கிறது. குடிமைப் பணியில் தொடர்ந்திருந்தால் கிடைத்திருக்கும் அடிப்படை ஊதியத்திற்கும், படையில் கிடைக்கும் ஊதியமும் படிகளும் சேர்ந்த தொகைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை, அவர் விட்டு வந்த குடிமை அலுவலகமே தர வேண்டும் என்கிறது அப்பிரிவு.

கணக்கு எளிமையானது போலத் தோன்றும். ஓர் ஊதியக் காலத்திற்கு அலுவலகத்தில் 4,000 டாலரும் படையில் 3,100 டாலரும் வருகிறது என்று எடுத்துக்கொண்டால், 900 டாலர் வேறுபாடு. ஆனால் குடிமை அலுவலகம் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை சம்பளம் போடுகிறது. படையோ மாதக் கணக்கில் ஊதியத்தை நிர்ணயித்து முதல் தேதியிலும் பதினைந்தாம் தேதியிலும் பிரித்து வழங்குகிறது. ஆகவே மாதத் தொகையை இருவாரக் காலங்களுக்குப் பகிர்ந்து கணக்கிட வேண்டியிருக்கிறது. வீட்டு வாடகைப் படியும் உணவுப் படியும் படை ஊதியத்தோடு சேர்த்தே எண்ணப்படுவதால், குடும்பத்துடன் வாழும் ஒருவருக்கு இந்த வேறுபாடு சுருங்கிவிடும். மறுபுறம், குடிமைப் பணியில் வழக்கமாகச் செய்துவந்த கூடுதல் நேர வேலைக்கான பணம் அடிப்படை ஊதியத்தில் சேராது. ஓய்வூதியக் கணக்கிலும் இத்தொகை அடிப்படை ஊதியமாகக் கொள்ளப்படுவதில்லை. யாரையும் செல்வந்தராக்கக்கூடிய பணம் அன்று இது என்பதை இங்கேயே பதிவு செய்துவிட விரும்புகிறேன்.

இத்தொகை எல்லா அழைப்பாணைகளுக்கும் கிடைப்பதில்லை. எந்தெந்தப் பிரிவுகளின்கீழ் அழைக்கப்பட்டால் அது கிடைக்கும் என்பதற்குப் பத்தாம் தலைப்பின் 101ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. கட்டாய அழைப்புக்கான 12302ஆம் பிரிவு போன்றவை அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. பேரிடர்க் காலத்தில் கடலோரக் காவல்படை ரிசர்வ் உறுப்பினர்களை அழைப்பதற்கென்றே பதினான்காம் தலைப்பில் உள்ள தனிப்பிரிவும் அதில் உண்டு. பட்டியலின் கடைசியில், போரின்போதோ குடியரசுத் தலைவர் அல்லது நாடாளுமன்றம் அறிவித்த தேசிய நெருக்கடி நிலையின்போதோ வேறு எந்தச் சட்டப் பிரிவின்கீழ் அழைக்கப்பட்டாலும் அதுவும் சேரும் என்று ஒரு பொதுத்தொடர் வருகிறது. பல ஆண்டு வழக்காடலும் இந்தக் கடைசித் தொடரைச் சுற்றியே நடந்தது.

மனுதாரர் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகப் பணிபுரிந்தவர். 2012 ஜூலையில் கடலோரக் காவல்படை அவரை முழுநேரப் பணிக்கு அழைத்தது. அப்பணி 2017 பிப்ரவரி வரை நீடித்தது. துறைமுகத்திற்கு வந்துபோகும் கப்பல்களுக்குப் பாதுகாப்பாகச் செல்லும் காவல்படைக் கப்பலில் அவர் பணியாற்றினார். ஈராக், ஆப்கானிஸ்தான் போர் நடவடிக்கைகளுக்குத் துணைநிற்கும் பணி என்றே அவருடைய ஆணைகள் கூறின. இருந்தபோதிலும், வழக்குக்குரிய காலத்தில் அவரை அழைத்த பிரிவு 12301இன் நான்காம் உட்பிரிவு, அதாவது உறுப்பினரின் ஒப்புதலோடு அழைப்பது. பட்டியலில் அந்தப் பிரிவுக்குப் பெயர் இல்லை. ஆகவே கடைசிப் பொதுத்தொடருக்குள் அது அடங்குமா என்பதே கேள்வியாயிற்று.

ஒப்புதல் என்ற சொல்லைப் பார்த்து, விரும்பித்தானே போனார், பிறகென்ன ஈட்டுத்தொகை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நடைமுறையை அறியாமல் கேட்கப்படுவது. 12302ஆம் பிரிவின்கீழ் ஒருவரைக் கட்டாயமாக அழைத்தால் தொடர்ந்து 24 மாதங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பயிற்சி பெற்ற ஒருவர் அதற்குப் பிறகும் தேவைப்படும்போது, ஒப்புதல் ஆணையே படைக்குக் கையில் இருக்கும் வழி. கப்பலும் வேலையும் மேலதிகாரியும் அப்படியே இருக்க, ஆணைத்தாளில் உள்ள பிரிவு எண் மட்டும் மாறி, அந்த மாற்றத்தோடு குடும்பத்தின் வருமானமும் மாறிவிடும் நிலை இப்படித்தான் உருவாகிறது. கையெழுத்திட்டவர் பெரும்பாலும் தம் படைப்பிரிவு கேட்டுக்கொண்டதற்கு இணங்கியவர். வருமான இழப்புக்கும் சேர்த்து ஒப்புதல் தந்தவர் அல்லர்.

என் பார்வையில் சிக்கலின் வேர் வேறோர் இடத்தில் இருக்கிறது. அழைப்பாணையை எழுதுவது படை. வேறுபாட்டுத் தொகையைத் தம் சம்பள நிதியிலிருந்து தருவது குடிமை அலுவலகம். எந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் எவருக்கு என்ன கிடைக்கும் என்று கவலைப்பட வேண்டிய தேவை ஆணையை எழுதுபவருக்கு இல்லை. பணம் தர வேண்டியவருக்கோ, நாற்காலியில் இல்லாத ஓர் ஊழியருக்காகத் தம் நிதி கரைவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த ஏற்பாட்டில் ஐயம் எழும் ஒவ்வொரு முறையும் பணம் தர வேண்டிய தரப்பே சட்டத்துக்குப் பொருள் சொல்கிறது. அதுவும் பணி முடிந்த பிறகு சொல்கிறது. கடலில் கழித்த மாதங்களைத் திரும்பப் பெற முடியாத ஒருவரிடம், நீங்கள் போனது அந்த வகைப் பணி அன்று என்று பிற்பாடு கூறுவதில் அடிப்படையான நியாயக் குறைவு இருக்கிறது.

கீழ்நிலையில் அவருடைய கோரிக்கை தோற்றது. கூட்டாட்சி ஊழியர்களின் முறையீடுகளை விசாரிக்கும் தகுதி முறைமைப் பாதுகாப்பு வாரியத்தில் அது நிராகரிக்கப்பட்டது. அடுத்து ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2021இல் ஆடம்ஸ் வழக்கில் தானே கூறியிருந்த விளக்கத்தைப் பின்பற்றி, அவருக்கு எதிராகவே முடிவு செய்தது. நெருக்கடி நிலை நடப்பில் இருந்தால் மட்டும் போதாது, அழைக்கப்பட்டவரின் பணிக்கும் அந்த நெருக்கடிக்கும் உள்ளபடியே தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது அந்த விளக்கத்தின் சாரம். போர் நடவடிக்கைக்குத் துணை என்று ஆணையிலேயே எழுதப்பட்ட ஒருவரும் இந்தத் தேர்வில் தேற முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தில் 2024 டிசம்பர் 9 அன்று வாதம் நடந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி நீல் கோர்சச் எழுத, தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், நீதிபதிகள் சோட்டோமேயர், கவனா, பேரட் ஆகியோர் உடன்பட்டனர். தீர்ப்பின் போக்கு நேரானது. நெருக்கடி நிலையின்போது என்று சட்டம் சொன்னால், சாதாரணமாக அது காலத்தையே குறிக்கிறது. படைப்பணியும் நெருக்கடி நிலையும் ஒரே காலத்தில் நிகழ்ந்திருந்தால் போதும். காலத்தோடு வேறு தொடர்பும் தேவை என்று நாடாளுமன்றம் கருதிய இடங்களில் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. போதைப்பொருள் குற்றத்தில் துப்பாக்கியைப் பயன்படுத்துவதையோ உடன் கொண்டுசெல்வதையோ தண்டிக்கும் சட்டம், குற்றத்தின்போதும் குற்றம் தொடர்பாகவும் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது அதற்கு எடுத்துக்காட்டு. இந்த ஊதியச் சட்டத்திலோ அப்படியொரு சொல் இல்லை.

இதில் எனக்கு மிகவும் வலுவாகப் பட்டது அடுத்து வரும் வாதம். தொடர்பு வேண்டும் என்றால் எத்தகைய தொடர்பு, எவ்வளவு தொடர்பு? துறைமுகத்தில் சரக்குக் கப்பலுக்குக் காவல் செல்வது வெளிநாட்டுப் போருக்குத் துணையா, இல்லையா? போர்முனைக்குச் சென்றவரின் இடத்தை உள்நாட்டில் நிரப்பியவர் அந்த நெருக்கடிக்காகப் பணியாற்றியவரா? இவற்றுக்குச் சட்டத்தில் அளவுகோல் இல்லாதபோது, ஒவ்வொரு சம்பளப் பிரிவு அலுவலரும் தம் போக்கில் ஒன்றை வகுத்துக்கொள்வார். சாதாரண ஊழியர் ஒருவர் சட்டத்தைப் படித்துத் தமக்கு என்ன வரும் என்று முன்கூட்டியே அறிந்துகொள்ளவும், அதை நம்பித் தம் குடும்பக் கணக்கைப் போட்டுக்கொள்ளவும் முடிய வேண்டும். காலத்தை மட்டும் பார்க்கும் விளக்கம் அதற்கு இடம் தருகிறது.

மாறுபட்ட தீர்ப்பை நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதினார். அலிட்டோ, ககன், ஜாக்சன் ஆகிய மூவரும் உடன்பட்டனர். வழக்கமாக எதிரெதிர் அணிகளில் காணப்படும் பெயர்கள் ஒன்றாக நிற்பதே இது கட்சி சார்ந்த கேள்வி அன்று என்பதைக் காட்டுகிறது. அவர்களுடைய கவலையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1976ஆம் ஆண்டின் தேசிய நெருக்கடி நிலைகள் சட்டப்படி ஒவ்வோர் அறிவிப்பையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். ஈரான் தொடர்பாக 1979இல் அறிவிக்கப்பட்டது இன்னும் தொடர்கிறது. 2001 செப்டம்பர் 14 அன்று அறிவிக்கப்பட்டது இவ்வழக்கின் வாதம் நடந்த நாளிலும் நடப்பில் இருந்தது. நெருக்கடி இல்லாத நாளே இல்லை என்றால், காலத்தைக் குறிக்கும் நிபந்தனை எவரையும் விலக்காது. வழக்கமான பயிற்சிக்குப் போனவரும் தொகை கேட்கலாம். அப்படியானால் மற்றப் பிரிவுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டதற்குப் பயன் என்ன? இந்த வாதத்தில் பொருள் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெருக்கடி அறிவிப்புகளை முடிவில்லாமல் புதுப்பித்துக்கொண்டே போவது அரசின் செயல். அந்த அறிவிப்புகள் தரும் அதிகாரங்களை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டே, அவற்றோடு வரும் செலவை மட்டும் தட்டிக்கழிக்க அரசுக்கு இடமளிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சட்டம் அளவுக்கு மீறி விரிந்துவிட்டது என்று கருதினால் நாடாளுமன்றம் அதைத் திருத்தட்டும். அதற்கான விலையை ஏற்கெனவே பணியாற்றி முடித்தவரிடம் வசூலிக்கக் கூடாது.

கடலோரக் காவல்படையினருக்கு ஊதிய நிச்சயமின்மை புதிதன்று. 2003 முதல் அப்படை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின்கீழ் இருப்பதால், மற்றப் படைகளின் நிதி ஒதுக்கீட்டோடு அதன் ஒதுக்கீடு சேர்ந்து வருவதில்லை. நிதி ஒதுக்கீடு இல்லாமல் அரசு முடங்கியிருந்தபோது, 2019 ஜனவரி 15 அன்று அதன் பணியாளர்களுக்குச் சம்பளம் வரவில்லை. அவர்கள் கடலில் பணியைத் தொடர்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கடற்படையிலும் இதுபோன்ற வழக்கு முன்பே வந்திருக்கிறது. அமெரிக்கா எதிர் லாரியனாஃப் என்ற 1977ஆம் ஆண்டு வழக்கு என் நினைவில் எப்போதும் இருப்பது. 1969இல் நான்காண்டுக் காலத்திற்குக் கடற்படையில் சேர்ந்த ஒரு மாலுமி, தனிப்பயிற்சி தேவைப்படும் ஒரு தொழில்நுட்பப் பிரிவுக்காகத் தம் பணிக்காலத்தை மேலும் இரண்டாண்டு நீட்டிக்க ஒப்புக்கொண்டார். ஆள் பற்றாக்குறை உள்ள பிரிவுகளுக்கு மறுசேர்க்கை ஊக்கத்தொகை வழங்கும் திட்டம் அப்போது இருந்தது. அவருடைய பிரிவு அதற்குத் தகுதி பெற்றிருந்தது. ஆனால் நீட்டிப்புக் காலம் தொடங்குவதற்கு முன்பே, 1972 ஜூலை முதல் அப்பிரிவைக் கடற்படை தகுதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நீட்டிப்பு தொடங்கும் நாளில் நடப்பில் இருக்கும் அளவுதான் கணக்கு என்றது அரசின் விதிமுறை. மாலுமியோ, தாம் கையெழுத்திட்ட நாளின் அளவே செல்லும் என்றார்.

படைவீரரின் ஊதியம் ஒப்பந்தச் சட்டத்தால் ஆளப்படுவதில்லை, நாடாளுமன்றச் சட்டத்தாலும் விதிமுறைகளாலுமே தீர்மானிக்கப்படுகிறது என்று 1961இல் பெல் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. ஆகவே, வாக்குக் கொடுத்தீர்கள், காப்பாற்றுங்கள் என்று மாலுமி கேட்பது மட்டும் போதுமானதாக இல்லை. சட்டமே தம் பக்கம் இருப்பதை அவர் காட்ட வேண்டியிருந்தது. நீதிபதி பிரென்னன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, அந்த ஊக்கத்தொகையை நாடாளுமன்றம் ஏற்படுத்தியதன் நோக்கத்தைப் பார்த்தது. தொடர்ந்து இருக்கலாமா, வெளியேறலாமா என்று ஒருவர் முடிவெடுக்கும் தறுவாயில் அவரை இருக்கச் செய்வதற்காகத்தான் அப்பணம். முடிவெடுக்கும் நாளில் தொகை என்ன, கிடைக்குமா கிடைக்காதா என்றே தெரியாவிட்டால் அது எப்படி ஒருவரை ஈர்க்கும்? ஆகவே அந்த விதிமுறை சட்டத்தோடு முரண்படுகிறது, செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அங்கும் ஐந்துக்கு நான்கு என்றே நீதிபதிகள் பிரிந்தனர். படைவீரர்களின் கூடுதல் ஊதியத்தைப் பற்றி எழுதப்பட்ட தீர்ப்புகளில் இதைப் போல நடைமுறை வாழ்க்கையை நெருங்கிப் பார்த்தவை குறைவு என்று கருதுகிறேன்.

ஃபெலிசியானோ தீர்ப்பு வந்த ஆறு வாரங்களில், 2025 ஜூன் 12 அன்று, சோட்டோ எதிர் அமெரிக்கா என்ற வழக்கும் முடிவுக்கு வந்தது. மனுதாரர் மரைன் படையில் பணியாற்றியவர்; ஈராக்கில் இறந்தவர்களின் உடல்களை மீட்கும் பணியில் ஈடுபட்டு, அதன் விளைவான மனக்காயத்தோடு ஓய்வு பெற்றவர். போர் சார்ந்த உடல்நலக் குறைபாட்டுக்கான சிறப்பு ஈட்டுத்தொகைக்கு 2016இல் விண்ணப்பித்தபோது, அவருக்குத் தகுதி உண்டு என்று ஏற்றுக்கொண்ட கடற்படைத் துறை, பின்னோக்கி ஆறு ஆண்டுகளுக்கான நிலுவையை மட்டுமே தர முடியும் என்றது. பணக் கோரிக்கைகளுக்குப் பொதுவாக விதிக்கப்பட்ட ஆறாண்டுக் கால வரம்புதான் அதற்குக் காரணம். ஈட்டுத்தொகைச் சட்டமே கோரிக்கையை ஏற்கவும் தொகையைத் தீர்மானிக்கவும் முழு அதிகாரம் தந்திருப்பதால் பொதுவான வரம்பு இங்கே பொருந்தாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். அதை எழுதியவர், ஃபெலிசியானோ வழக்கில் அரசின் பக்கம் நின்ற அதே நீதிபதி தாமஸ். இவ்வழக்கு ஒரு பெருங்குழுவின் சார்பில் நடந்ததால், அதே நிலையில் இருந்த ஆயிரக்கணக்கானோருக்கும் இத்தீர்ப்பு பயன்படும்.

ஃபெலிசியானோ தீர்ப்பின் பயன் அப்படித் தானாகப் பரவிவிடாது என்பதுதான் என் கவலை. அது ஒருவருடைய வழக்கு. இதே காரணத்தால் தொகை மறுக்கப்பட்ட மற்றவர்கள் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். கேட்காமலே விட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். படைப்பணிக்குச் சென்றவர்களின் வேலை உரிமைகளைக் காக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முறையிடுவதற்குக் கால வரம்பு கிடையாது என்று அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பது பழைய ஆணைகளை வைத்திருப்பவர்களுக்கு ஆறுதலான செய்தி. ஆனால் காலம் கடந்துவிடாது என்பதும் விரைவில் கிடைக்கும் என்பதும் வேறு வேறு. இம்முறையீடுகள் செல்லும் தகுதி முறைமைப் பாதுகாப்பு வாரியம் 2017 ஜனவரியிலிருந்து 2022 மார்ச் வரை போதிய உறுப்பினர்கள் இல்லாமல் எந்த மேல்முறையீட்டையும் முடிக்க இயலாத நிலையில் இருந்தது. ஐந்தாண்டுக்கும் மேலாகக் கோப்புகள் தேங்கின.

எனவே இந்நிலையில் உள்ள கூட்டாட்சி ஊழியர்கள் முதலில் தங்கள் ஆணைத்தாள்களைத் தேடி எடுக்க வேண்டும். முதல் அழைப்பாணை மட்டும் போதாது; ஒவ்வொரு நீட்டிப்புக்கும் தனி ஆணை இருக்கும், அதில் வேறு பிரிவு எண்ணும் இருக்கலாம். அத்துடன், அக்காலத்திற்குரிய படைச் சம்பளச் சீட்டுகளும், குடிமைப் பணியின் ஊதிய நிலையைக் காட்டும் பதிவுகளும், அப்பணியில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் ஊதிய உயர்வுக்கான சான்றும் வேண்டும். சம்பளத்துடன் கூடிய விடுப்பை எடுத்துக்கொண்ட நாள்கள் இருந்தால், அவற்றைத் தாமே கணக்கிலிருந்து கழித்துக் காட்டுவது நல்லது. அந்த நாள்களுக்கு வேறுபாட்டுத் தொகை கிடையாது; அவற்றைக் கழித்துவிட்டால், மொத்தக் கோரிக்கையும் தவறென்று திருப்பியனுப்ப அலுவலகத்துக்கு ஒரு காரணம் குறையும். ஒவ்வோர் ஊதியக் காலத்திற்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, எந்தத் தேதியில் எந்த ஆணை நடப்பில் இருந்தது என்பதை அதன் எதிரே எழுதி, கோரிக்கையை எழுத்து வடிவில் தம் குடிமை அலுவலகத்தின் மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, அதைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பு வந்தால் அதுவும் எழுத்தில்தான் வர வேண்டும் என்று கேளுங்கள். வாரியத்தின் முன் வைக்க வேண்டிய முதல் ஆவணம் அதுதான்.